சின்கோனா பட்டையும் அப்பாயி பாஸ்போர்ட்டும்

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாலு நாளாக மூடுபனி. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

"டீச்சர், வெள்ளைக்காரன் ஏன் வந்தான்?" என்று உன் வகுப்பில் ஒரு பையன் கேட்டதற்கு, "வியாபாரத்துக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னாயே. நானும் வாத்தியாராக இருந்த காலத்தில் அதையேதான் சொன்னேன். பாதி பதில்தான் அது. வியாபாரிக்குக் கடை போதும், ஊரே எதற்கு?

போன வாரம் இங்கே நீலகிரியிலேயே இருக்கும் நடுவட்டம் போயிருந்தேன். சின்கோனா பட்டை ஒரு துண்டு கிடைத்தது. நுனி நாக்கில் வைத்தேன். இரண்டு டீ குடித்தும் கசப்பு போகவில்லை. அந்த மரத்துக்கு இந்த மலை சொந்த ஊர் இல்லை. தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைகளிலிருந்து 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தலைமையில் போனவர்கள் விதையும் கன்றுமாகக் கிளப்பிக் கொண்டுவந்தது. பட்டைக்குள் மலேரியாவுக்கு மருந்தான கொயினா இருக்கிறது. மலேரியாவில் சிப்பாய் செத்துக்கொண்டிருந்தால் பேரரசு எப்படி நடக்கும்? கொயினா, நீராவிப் படகு, இயந்திரத் துப்பாக்கி எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஆப்பிரிக்காவின் உள்நாட்டுக்குள் அவர்களால் காலூன்ற முடிந்தது. ஆலைக்கு மூலப்பொருள், சரக்குக்குச் சந்தை, 'நாகரிகம் கற்றுக்கொடுக்கிறோம்' என்ற நினைப்பு, எல்லாம் அவர்கள் வந்ததற்குக் காரணம்தான். ஆனால் நாடு பிடிப்பதில் இருந்த அந்த அவசரத்துக்குக் காரணம், பக்கத்து நாட்டுக்காரன் முந்திவிடுவானோ என்ற பயம்தான் என்பேன். உன் பேராசிரியர் சண்டைக்கு வருவார், வரட்டும்.

1884-85இல் பெர்லினில் 14 நாடுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பிடிப்பதற்கு விதி எழுதின. அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. காங்கோ பெல்ஜிய அரசர் லியோபோல்டின் சொந்தச் சொத்து மாதிரி ஆனது. ரப்பர் வசூலுக்காக அங்கே மனிதர்களின் கைகளை வெட்டினார்கள்.

எல்லா இடத்திலும் கொடி ஏற்றவில்லை என்பதையும் சொல். நம் ராஜாக்கள் பட்டத்தோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக ரெசிடென்ட் துரை. சீனத்துத் தேயிலைக்கு வெள்ளி கொடுத்துக் கட்டுப்படியாகாமல் நம் நாட்டு அபினியை அங்கே விற்றார்கள். சீனா தடுத்ததும் போர். 1842இல் ஹாங்காங்கைப் பறித்து, ஐந்து துறைமுகங்களைத் திறக்க வைத்தார்கள். முழு நாட்டையும் ஆளும் செலவு மிச்சம்.

அப்புறம் நம் பீரோவுக்கு வா. அப்பாயியின் பாஸ்போர்ட் இருக்கிறது, ஓரம் செல்லரித்து. போட்டோவில் அவர் மடியில் நான், அழுத முகத்தோடு. சிலோனில் முதலில் காப்பி, அது நோயில் அழிந்ததும் தேயிலை. இரண்டுக்கும் ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணிகள் மூலம் நம் ஆட்களைத்தான் கொண்டுபோனார்கள். இலங்கைக்கு விடுதலை கிடைத்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு, பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அப்பாயியை யார் கேட்டார்கள்? வெள்ளைக்காரன் போய் பதினாறு வருஷம் கழித்து, இன்னொரு மேசை. கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்தோம். இங்கேயும் முதல் நாளே அவர் கையில் கொழுந்துக் கூடைதான்.

பார்சலில் வர்க்கி வருகிறது. கூடவே ஒரு பொட்டலத்தில் அந்தப் பட்டைத் துண்டு. வகுப்பில் சுற்றுக்கு விடு, கேள்வி கேட்ட பையனுக்கு முதலில் கொடு. கடிக்க விடாதே, நாக்கில் தொட்டால் போதும்.

அப்பா