செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பட்டம் படிக்கும் நம் செவிலியர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த சகோதரிகளே, சகோதரர்களே, நைட் டூட்டி முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணம் வட்டாரத்து அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களாகிய நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். செவிலியர் தின விழா, ரத்ததான முகாம், பணி ஓய்வு பெற்றவர்களுக்கான பாராட்டு ஆகியவை வழக்கம்போல் நடந்தன. படங்கள் பலகையில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போனது. ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துப் பதிவு பெற்று வேலையில் இருக்கும் நம் உறுப்பினர்கள் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங் என்ற பட்டப் படிப்பைப் படிக்கத் துணை நிற்பதுதான் அந்த வேலை. ஆகவே அறிக்கையும் பெரிதும் அதைப் பற்றியதே.

சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது: "இத்தனை வருஷம் வார்டு பார்த்தாச்சு, இனிமேல் டிகிரி எதுக்கு?" பதவி உயர்வு, ஆசிரியர் பணி, எம்.எஸ்ஸி., வெளிநாட்டு வேலை என்று அப்போது பலரும் பதில் சொன்னார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் ஆண்டு முழுக்கப் பாடங்களோடு உட்கார்ந்த பிறகு எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. கை பழகிய வேலைக்குக் காரணம் தெரிந்துகொள்வதும், அந்தக் காரணத்தை டாக்டர் முன்னும் நோயாளியின் வீட்டார் முன்னும் தயங்காமல் எடுத்துச் சொல்வதும்தான் இந்தப் படிப்பு தருவது.

சேர விரும்புவோருக்காக முதலில் சில விவரங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டப்படி கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் இது இரண்டு ஆண்டுப் படிப்பு. பிளஸ் 2 தேர்ச்சி, ஜி.என்.எம்., மாநில கவுன்சிலில் செவிலியராகவும் பேறுகால உதவியாளராகவும் பதிவு ஆகிய மூன்றும் வேண்டும். பேறுகாலப் பயிற்சி இல்லாத காலத்தில் படித்த ஆண் செவிலியர்கள் அதற்கு ஈடாக மனநலம், அறுவை அரங்கு போன்ற அங்கீகரிக்கப்பட்ட ஒரு பயிற்சியைக் காட்ட வேண்டும். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக மூன்றாண்டுப் படிப்பு ஒன்று உண்டு. பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் இருக்க வேண்டும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தொலைநிலை என்றதும் புத்தகம் வாங்கி வீட்டில் படித்தால் போதும் என்று சிலர் நினைத்துவிட்டார்கள். அப்படி இல்லை. படிப்பு மையத்தில் வகுப்பும் உண்டு, வார்டில் பிராக்டிக்கலும் உண்டு.

ஞாயிறு மாலைகளில் நாம் நடத்திய படிப்பு வட்டத்தில் முதலாண்டு மாணவிகளை முதலில் மிரட்டியது உயிர்வேதியியலும் உயிர் இயற்பியலும். பிளஸ் 2வில் அறிவியல் பிரிவு எடுக்காமல் ஜி.என்.எம். வந்தவர்கள் நம்மில் பலர். அமிலம், காரம், பஃபர் என்று தொடங்கியபோது முகங்கள் வாடின. ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, ஐ.சி.யூ.வில் தினம் பார்க்கும் அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்கிய பிறகுதான் பாடம் நகர்ந்தது. ரத்தத்தின் அமில–காரச் சமநிலையைக் காட்டும் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு, அது இறங்கும்போது நோயாளி ஏன் வேகமாக மூச்சு வாங்குகிறார் என்பது அன்றுதான் விளங்கியது. எல்லாவற்றையும் தமிழில் பேசிப் புரிந்துகொண்ட பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது என்ற நடைமுறையை அன்றிலிருந்து வைத்துக்கொண்டோம். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் எழுதிப் பழகும் பாதியைக் கைவிட முடியாது.

குழந்தைகள் நல வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீக்காயம் என்ற பாடம் வந்த ஞாயிறன்று, ஓய்வு பெற்ற நம் மூத்த அக்கா ஒருவரை அழைத்திருந்தோம். 2004 ஜூலை 16 அன்று நம் ஊர்ப் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். அந்த நாளில் பணியில் இருந்தவர் அவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "இந்தக் கணக்கை எல்லாரும் கத்துக்கணும்" என்று சொல்லிப் பலகையில் ஒரு குழந்தையின் உருவத்தை வரைந்தார்.

உடலில் எத்தனை சதவீதம் வெந்தது என்று அளக்கப் பெரியவர்களுக்கு நாம் போடும் ஒன்பதின் விதி குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. பெரியவர் உடலில் தலையும் கழுத்தும் சேர்ந்து 9 சதவீதம், கால் ஒன்றுக்கு 18. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலை மட்டும் ஏறக்குறைய 18, கால் ஏறக்குறைய 14. வயது ஏற ஏற இந்த அளவு மாறும். அதற்காகத்தான் வயதுவாரியாக அளவு தரும் லண்ட்–பிரவுடர் அட்டவணை. சிதறிய காயம் என்றால் குழந்தையின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, சுமார் ஒரு சதவீதம். அளப்பவரின் உள்ளங்கையை வைத்துப் பார்க்கக் கூடாது.

அடுத்து நீர்க் கணக்கு. பார்க்லேண்ட் முறைப்படி, ஒரு கிலோ எடைக்கு, ஒரு சதவீதக் காயத்துக்கு 4 மில்லி. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 20 சதவீதக் காயம் என்றால் 4 பெருக்கல் 20 பெருக்கல் 20, அதாவது முதல் 24 மணி நேரத்துக்கு 1,600 மில்லி. அதில் பாதி, 800 மில்லி, முதல் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தொடங்குவது அட்மிஷன் போட்ட நேரத்திலிருந்து இல்லை, தீப்பட்ட நேரத்திலிருந்து. பிள்ளை இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால் மீதி ஆறு மணி நேரத்தில் 800 மில்லி, அதாவது மணிக்கு 133 மில்லி. மில்லிக்கு 20 துளி விழும் டிரிப் செட் என்றால் நிமிடத்துக்கு 44 துளி. குழந்தை என்பதால் வழக்கமான பராமரிப்பு நீரும் இதோடு தனியே சேரும். சிறுநீர் எவ்வளவு வருகிறது என்பதைப் பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார். உத்தரவு டாக்டருடையது. ஆனால் அது சரியாக ஓடுகிறதா என்று மணிக்கு மணி பார்ப்பவர் நாம். தீப்பட்ட நேரத்தைக் கேட்டு ஷீட்டில் முதல் வரியாக எழுத வேண்டியவரும் நாம்தான். ஜி.என்.எம். படித்தபோதும் இது பாடத்தில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த பிறகு மறுபடி படிக்கும்போது அதன் கனம் வேறாக இருந்தது. அன்று வகுப்பு முடிந்தும் யாரும் உடனே எழுந்து போகவில்லை.

பேறுகாலப் பாடத்தில் பழையவர்களும் புதியவர்களும் நன்றாகவே விவாதித்துக்கொண்டார்கள். பிரசவ முன்னேற்றத்தைக் காட்டும் பார்ட்டோகிராஃப் தாளில், கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் விரிந்ததிலிருந்து குறிக்கப் பழகியவர்கள் நாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியில் பிரசவத்தின் தீவிரக் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில் தொடங்குகிறது. முன்பே அவசரப்பட்டு வலியைத் தூண்டாமல் இருப்பதும், உடன் ஒருவர் துணை இருக்கிறாரா என்பதையும் பதிவு செய்வதும் அதில் உண்டு. லேபர் வார்டு தங்கைகள் அந்தத் தாளை அச்செடுத்து வந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்கு என் தனி நன்றி.

இரண்டாம் ஆண்டுப் பாடங்களில் பலரும் ஒதுக்குவது ஆராய்ச்சியும் புள்ளியியலும். தியரி 45 மணி நேரம், பிராக்டிக்கல் 120 மணி நேரம் என்று கவுன்சில் ஒதுக்கியிருக்கிறது. தியரியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் செய்முறை என்பதிலேயே நோக்கம் தெரிகிறது. ஆனாலும் பழைய புராஜெக்டை யாரிடமாவது வாங்கித் தேதி மாற்றிக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. நம் உறுப்பினர்கள் யாரும் அதைச் செய்யக் கூடாது என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நம் தொழிலின் முன்னோடி புளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கோடு மட்டுமே சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்த வீரர்கள் மிக அதிகம் என்பதை மாதவாரியாக எண்ணி, வட்டப் படமாக வரைந்து, 1858இல் அச்சிட்டுக் காட்டியவர் அவர். லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராக ஏற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

படிப்பு வட்டத்தில் சராசரி என்ன, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணான இடைநிலை என்ன என்று இப்படிப் பார்த்தோம். ஐந்து நோயாளிகள் 3, 4, 4, 5, 34 நாட்கள் வார்டில் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி பத்து நாள் வருகிறது. ஆனால் பத்து நாள் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. இடைநிலை நான்கு நாள், அதுதான் அந்த வார்டின் உண்மை நிலையைச் சொல்கிறது. அந்த 34 நாள் ஏன் என்று தேடிப் போனால் பல நேரம் படுக்கைப் புண் இருக்கும். நம் உறுப்பினர்கள் சேர்ந்த ஒரு மாணவர் குழு படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலை எடுத்துக்கொண்டது இப்படித்தான். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், ஊட்டம், உராய்வு ஆகிய ஆறு தலைப்பில் மதிப்பெண் போட்டால் கூட்டுத்தொகை 6 முதல் 23 வரை வரும். 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் புண் வரும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு நோயாளிக்குச் சில நிமிட வேலைதான். புண் வந்த பிறகு டிரெஸ்ஸிங் செய்யும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். புராஜெக்ட் முடிந்த பிறகும் அந்தத் தங்கைகள் தங்கள் வார்டில் இதைத் தொடர்ந்து போட்டுவருகிறார்கள் என்பது எனக்கு இந்த ஆண்டின் பெரிய மகிழ்ச்சி.

மனநலப் பாடத்தில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக வாசித்தோம். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின் அதிர்வு கொடுப்பதையும் அது தடை செய்கிறது. 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்டதை அறிந்த நமக்கு அந்த வரிகளை விளக்கத் தேவையில்லை. 115ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாவிட்டால், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும் என்கிறது. மருந்து குடித்து வந்தவர்களைக் கேசுவாலிட்டியில் வயிறு கழுவும்போதே திட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. கோபத்தில் இல்லை, பதற்றத்தில்தான் திட்டுகிறோம். இருந்தாலும் அது நிற்க வேண்டும். இந்த வகுப்புக்குப் படிக்காத உறுப்பினர்களும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். மறுபடியும் நடத்துவோம்.

கல்வியியல், நிர்வாகப் பாடங்களில் லெசன் பிளான், மைக்ரோ டீச்சிங், டூட்டி ரோஸ்டர் போடுதல் ஆகியவற்றுக்குப் பயிற்சி கொடுத்தோம். ரோஸ்டர் போட்டுப் பார்த்த பிறகு பலருக்கும் தங்கள் ஹெட் நர்ஸ் மீது மரியாதை கூடியது.

இப்போது வருத்தமான ஒரு விஷயம். வெளி மாநிலக் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி, "வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று முகவர் ஒருவர் சொன்னதை நம்பி நம் உறுப்பினர் ஒருவர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். சான்றிதழ் வந்தது, அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியவில்லை. பணமும் திரும்பவில்லை. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். சேருமுன் அந்தக் கல்லூரி அந்த ஆண்டுக்கு, இந்தப் படிப்புக்கு, அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் பாருங்கள். பி.எஸ்ஸி.க்கு இருக்கிறது என்பதால் போஸ்ட் பேசிக்குக்கும் இருக்கிறது என்று ஆகாது. சென்னை சாந்தோமில் உள்ள நம் மாநில கவுன்சில் பதிவு செய்யுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்சேய் நலத்துக்கு 240 மணி நேரம், சமுதாய நலத்துக்கு 240 மணி நேரம் என்று பாடத்திட்டம் கேட்கும் பிராக்டிக்கலைச் செய்யாமல் வாங்கும் பட்டம், அந்தச் செவிலியரின் கையில் வந்து சேரும் நோயாளிக்குச் செய்யும் அநியாயம். அப்படி ஒரு சேர்க்கைக்குச் சங்கம் சிபாரிசுக் கடிதமோ கடனோ தராது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. பொதுக்குழு அதை உறுதிசெய்ய வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளில் படிப்பு விடுப்பு என்ற பேச்சே இல்லை. படிக்கப் போகிறேன் என்றால் ராஜினாமா எழுதச் சொல்கிறார்கள், சில இடங்களில் அசல் சான்றிதழைத் திருப்பித் தரவே இழுத்தடிக்கிறார்கள். தொலைநிலையில் படிப்பவர்களுக்கு வகுப்பு நாட்களில் ஷிஃப்ட் மாற்றித் தரக் கேட்டு நிர்வாகங்களை நேரில் சந்தித்தோம். இரண்டு இடங்களில் ஒப்புக்கொண்டார்கள். மற்ற இடங்களில் சக செவிலியர்களே டூட்டி மாற்றிக்கொண்டு தோழிகளை வகுப்புக்கு அனுப்பினார்கள். இந்தப் படிப்பு வட்டம் நின்றதே அவர்களால்தான். அவர்களில் பலர் இன்று இந்தக் கூட்டத்துக்கும் வர முடியாமல் டூட்டியில் இருக்கிறார்கள்.

வரும் ஆண்டில் சமுதாய நலப் பாடத்தை 2028 மகாமகத்தோடு இணைத்துப் படிக்கத் திட்டம். 1992இல் குளக்கரையில் நேர்ந்த நெரிசலை நம் ஊர் கண்டிருக்கிறது. பெருங்கூட்டத்தில் முதலுதவி நிலையம் எங்கே, நீர்ச்சத்து குறைந்தவரை எப்படிப் பிரித்தெடுப்பது, யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரித்துக் காட்டும் ட்ரையாஜ் பட்டையை யார் கட்டுவது என்பதை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வரைபடத்தோடு தயாரித்தால், மாநகராட்சிக்கும் சுகாதாரத் துறைக்கும் முன்கூட்டியே கொடுக்கலாம். 1947ஆம் ஆண்டு கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டத்தை விளக்க ஒரு தனிக் கூட்டமும் வைக்கிறோம். நூலகத்துக்கு மருத்துவ–அறுவை நர்சிங் புத்தகத்தின் புதிய பதிப்பு தேவை. ஓய்வு பெற்றவர்கள் முன்வந்தால் நன்று.

கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். அங்கீகாரம் இல்லாத சேர்க்கைக்குச் சங்க உதவி இல்லை. படிக்கும் உறுப்பினருக்கு வகுப்பு நாள் ஷிஃப்ட் மாற்றம் கோரி அனைத்து நிர்வாகங்களுக்கும் சங்கத்தின் சார்பில் கடிதம் அனுப்ப வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது பற்றி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். நகையை அடகு வைத்த அந்தச் சகோதரி முறையான கல்லூரியில் மீண்டும் சேரச் சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்க வேண்டும்.

அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்