நாலு கிளை தெரிந்ததா?

மாப்ளே,

இத்தனை நாள் கடிதம் போடாததற்குத் திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் தேவலையா? குண்டன் அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லைதானே?

சொல்ல வந்தது வேறு. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு எல்க் வேட்டைக்குப் போனேன். நீ சிரிப்பது கேட்கிறது. லைசென்ஸும் துப்பாக்கியும் அவருக்குத்தான். நான் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் நடந்த ஆள். எல்க் என்றால் நம் கடமானுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்.

இங்கே அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் பல பகுதிகளில் ஆண் எல்க்கைக் கண்டதும் சுட்டுவிட முடியாது. ஒரு பக்கக் கொம்பிலாவது நாலு கிளை வேண்டும். இல்லையென்றால் நெற்றிக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். இளசுகள் தப்பிக்கட்டும் என்று வைத்த சட்டம். படிக்கச் சுலபம்தான். புதருக்குள் தலையைக் குனிந்து மேய்கிற மிருகத்தின் கொம்பை, தூரத்திலிருந்து எண்ணிப் பார், தெரியும்!

பொழுது சாயும்போது ஒன்று வந்தது. பெரியவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை, பைனாகுலர்தான். துப்பாக்கி மேலே மாட்டிய ஸ்கோப் வழியாகத் தேடுவது அவருக்குப் பிடிக்காது. எதிரே நிற்பது ஆளாக இருந்தால்? முதலில் அது எல்க்தானா என்று பார்த்தார். எல்க் என்று நினைத்து, மூஸ் என்கிற இன்னொரு பெரிய மானைச் சுட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இங்கே உண்டு. மூஸ் உடம்பெல்லாம் கருத்து, மூக்கு தடித்துத் தொங்கும். எல்க்குக்கு உடம்பு வெளிர், கழுத்து மட்டும் கரும்பழுப்பு, பின்புறம் வெளுத்த திட்டு. சரி, எல்க்தான். அப்புறம் கொம்பு. இடப்பக்கம் மூன்று கிளை தெளிவு. நாலாவதாகத் தெரிந்தது கொம்பா, பின்னால் நின்ற பட்டமரத்துக் குச்சியா? அடிக்கிளையைப் புதர் மறைத்தது. நான் மனசுக்குள் 'சுடுய்யா' என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அது தலையைத் தூக்கிய நேரம் பார்த்து, பின்னால் ஒரு பெட்டை வந்து நின்றது. குண்டு துளைத்துக்கொண்டு போனால் அதுவும் சாயும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் மரங்களுக்குள் போய்விட்டன.

"மூணுதான் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார் மனுஷர்.

நானாக இருந்தால் நாலு எண்ணியிருப்பேன் மாப்ளே. ஆசை வந்துவிட்டால் குச்சியெல்லாம் கொம்பாகத்தானே தெரியும்? வந்ததிலிருந்து இதுவே மண்டையில் ஓடுகிறது.

இப்போது வீட்டில் தகராறு. சின்னவன் வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர வேண்டும் என்கிறான். 1949 முதல் பிறந்தவர்களுக்குப் பொதுவாக அந்தச் சான்றிதழ் இல்லாமல் இங்கே லைசென்ஸ் கிடையாது. 'கொல்வதற்கு ஒரு வகுப்பா' என்கிறாள் இவள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பையன் கொம்பு எண்ணக் கற்றுக்கொள்ளட்டுமே என்றும் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்? கோழி அறுக்கும்போதே மொட்டை மாடிக்கு ஓடியவன் நீ, இருந்தாலும் கேட்கிறேன். வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காதே, உட்கார்ந்து எழுது.