கால் நீட்ட இடம் இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

விமானத்தில் நல்ல ஆசனம் பிடிப்பது பற்றித் தங்கள் வார இதழில் வந்த குறிப்பை வாசித்தேன். அவசரகாலக் கதவு வரிசைதான் முதல் தெரிவு என்று எழுதியிருந்தார்கள். இளவட்டங்களுக்குச் சரி. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பயணம் போகிறவர்களில் எத்தனையோ பேர் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாமார். ரிக்கற் போடுவதும் சீற் தெரிவுசெய்வதும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் நோ, நீட்டி இருக்கட்டும் என்று காசு கட்டி அந்த வரிசையையே பிடித்துக் கொடுப்பார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. சக்கர நாற்காலியில் வந்தவர் அங்கே இருக்க முடியாது என்று எழுப்பி, பின்னால் ஒரு நடுச் சீற்றில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். பணிப்பெண்ணில் பிழையில்லை. ஆபத்து வந்தால் அந்தக் கதவைத் திறக்கக்கூடியவர்தான் அங்கே இருக்கலாம். நடக்கச் சிரமப்படுபவர்கள், கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், கைக்குழந்தையோடு வருபவர்கள் கூடாது. காசு கட்டும்போதே இதற்குச் சம்மதம் கேட்பார்கள். பிள்ளைகள் வாசிக்காமலே தட்டிவிடுகிறார்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பறக்கும் ஏ320, 737 போன்ற ஜெற் விமானங்களில் நடுவில் ஒரே பாதை, இரு பக்கமும் மும்மூன்று சீற். முழங்கால் நோ உள்ளவருக்குப் பாதையோரச் சீற்தான் நல்லது. அதிலும் எந்தக் கால் என்று கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். வலக்கால் என்றால் இடப்பக்கப் பாதையோரச் சீற்றான சி, இடக்கால் என்றால் வலப்பக்கப் பாதையோரச் சீற்றான டி. அப்போதுதான் நோகிற கால் பாதைப் பக்கம் வரும், இடைக்கிடை நீட்டலாம். சாப்பாட்டு வண்டி வரும்போது மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும். பாதைப் பக்கக் கைப்பிடி அசையாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதன் அடியில், முதுகுப் பக்கமாகத் தடவினால் ஒரு சிறிய பொத்தான் அகப்படும். அதை அமத்தினால் கைப்பிடி மேலே எழும்பும், பக்கவாட்டில் திரும்பி எழும்பலாம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் விடிய விடியக் குந்தியிருந்து வந்து, அதே காலோடு விமானம் ஏறுபவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

முதல் வரிசையையும் நான் வயோதிபருக்குச் சொல்லமாட்டேன். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடி எழும்பாது. முன்னால் வேறு சீற் இல்லாததால் மருந்துப் பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள், மேல் தட்டுக்குப் போய்விடும். கடைசி வரிசை மலசலகூடத்துக்குக் கிட்ட என்பது உண்மைதான், ஆனால் அங்கே பெரும்பாலும் சீற் பின்னால் சாயாது. மலசலகூடத்துக்குக் காத்திருப்பவர்களும் தலைமாட்டிலேயே நிற்பார்கள். நாலைந்து வரிசை முன்னால் இருந்தால் இரண்டும் ஒப்பேறும். விமானம் ஆடினால் பயப்படுபவரை இறக்கைக்கு நேரே இருத்துங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, வால் பக்கம்தான் கூட.

யன்னல் ஆசைக்காரருக்கு ஒரு சொல். 737 இல் இடப்பக்கம், இறக்கைக்குச் சற்று முன்னால், ஒரு வரிசையில் யன்னலே இல்லாமல் இருக்கலாம். குளிர்காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள்ளால்தான் மேலே போகிறது. காசு கட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

குறிப்பில் முற்றாக விடுபட்டது எங்கள் பலாலி விமான நிலையம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இங்கே வந்துபோவது ஏ.ரி.ஆர். 72. அது ஜெற் அல்ல, காற்றாடி விமானம். இரண்டிரண்டு சீற், நடுச் சீற் என்ற தொல்லையே இல்லை. ஜெற்றுக்குச் சொல்லும் புத்திமதி இதில் தலைகீழாகிவிடும். ஜெற்றில் முன்பக்கம் அமைதி. இதில் காற்றாடிகள் முன் வரிசைகளுக்குப் பக்கத்தில் சுழல்வதால் இரைச்சலும் அதிர்வும் அங்கேதான். இறக்கை மேலே இருப்பதால் பின்னாலிருந்தும் கீழே கடல் நன்றாகத் தெரியும். பயணிகள் ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான். முன்னால் இருப்பது பொதிகளுக்கான இடம். முதல் வரிசைக்குக் கூடுதல் காசு கட்டினவர் காது இரைய வந்து, பலாலியில் கடைசி ஆளாக இறங்கிக் குடிவரவு வரிசையின் வாலில் நிற்பார்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கோண்டாவில்.