மலைச்சரிவு வீடுகள்: சாலையை எப்போது அளந்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைச்சரிவில் வரப்போகும் குடியிருப்புக்குப் போக்குவரத்து ஆய்வு முடிந்துவிட்டதாம். சரி, வண்டிகளை எப்போது எண்ணினார்கள்? பள்ளி விடுமுறையில், வெயில் நாளில், மதியத்தில் எண்ணியிருந்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 2.5 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வது சாலைப் பொறியாளர்களின் வழக்கம், அதற்குள்ளேயே வண்டி 28 மீட்டர் ஓடியிருக்கும். அப்புறம்தான் வேகம் குறையவே தொடங்கும். இறக்கத்தில், ஈரச் சாலையில் இன்னும் தூரம் பிடிக்கும். குடியிருப்பின் வாசல் வளைவை ஒட்டி இருந்தால், வெளியே வரும் காரை மேலிருந்து இறங்குபவர் எங்கே பார்ப்பது? வரைபடத்தில் வளைவு அழகாகத்தான் இருக்கிறது. ஓட்டுநரின் கண் உயரத்தில் நின்று பார்த்தால்தான் மண்மேடும் தடுப்புச்சுவரும் மறைப்பது தெரியும்.

கட்டும் காலத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. ஜல்லியும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் மாதக்கணக்கில் இதே கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஏறி இறங்கும், திரும்பும்போது எதிர்த்தடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

மண் சரிந்து இருக்கிற ஒரே வழியும் அடைபட்டால் தீயணைப்பு வண்டி எப்படி மேலே வரும்? இரண்டாவது வழியைக் காட்டாமல் அனுமதி தரக்கூடாது.

ஒரு வாசகர்