தம்பிக்கு, வாசகசாலைப் படி பற்றி

அன்புள்ள தம்பி,

சீட்டுக் காசை எடுத்துவிட்டேன். உன் சக்கர நாற்காலி ஏற வாசகசாலைக்குச் சாய்வுப் பாதை போடத்தான். நேரில் சொன்னால் நீ வேண்டாம் என்பாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நம் தோட்டத்து லய வீடுகளின் ஆட்களும் இதை ஃபோனில் வாசிப்பார்கள். சிலவற்றைத் தொடாமல் விடுகிறேன், உனக்குப் புரியும்.

அந்த நுவரெலியா சீசன். கிரகரி வாவிக்கரை. பையன்கள் உன்னைத் தூக்கிப் படகில் உட்கார வைக்க எல்லாம் யோசித்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் நன்றாக நீந்துவார்கள். நீ லைஃப் ஜாக்கெட்கூடப் போட்டுவிட்டாய். நான்தான் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "விழுந்தா யாரு பார்க்கிறது? நான்தானே!" நீ ஒரு வார்த்தை பேசாமல் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தாய். எல்லாரும் செருப்பைக் கழற்றி உன் மடியில் வைத்துவிட்டு ஏறினார்கள். ஏழு சோடி. படகு திரும்பி வரும்வரை அவை சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய். தூறல் விழுந்தது, நான் குடை பிடித்தேன். ஒரு சொல்கூட ஆறுதலாகச் சொல்லவில்லை.

மன்னித்துக்கொள். ஆனால் என் பயம் பொய்யில்லை. உனக்குப் படுக்கைப்புண் வந்த வருடம் எத்தனை நாள் எனக்கு அரைப்பேரோடு, அரை நாள் சம்பளத்தோடு போனது? மலை வேலையிலிருந்து ஓடி வந்து மருந்து கட்டினேன். "அக்கா, சாப்பிட்டியா" என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா? எழுதும்போதே கோபம் வருகிறது.

2021 ஓகஸ்ட் கடைசி, ஊரடங்கு. தினேஷ் பிரியந்த ஹேரத் டோக்கியோவில் 67.79 மீட்டர் ஈட்டி எறிந்தார். மாற்றுத்திறனாளிகளின் பராலிம்பிக்கில் இலங்கைக்கு முதல் தங்கம். நீ ஃபோனைத் தூக்கிக் காட்டினாய். "அவருக்குக் கையிலதானே காயம், கால் நல்லாத்தானே இருக்கு" என்றேன். அன்று இரவு நீ சாப்பிடவில்லை. அதையும் மறக்கவில்லை.

அப்புறம் வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணைக்குக் கேரம் போர்டு வந்தது. வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். காய்க்காக நீ முன்னால் சாயும் ஒவ்வொரு முறையும் உட்காரும் இடத்தில் பாரம் விலகி இரத்த ஓட்டம் வருகிறது என்று பிசியோதெரபி மிஸ் சொன்னார். நான் மணி பார்த்து அசையச் சொன்னால் முறைப்பாய், கேரமுக்கு நாள் முழுக்க அசைவாய்! குட்மன் என்ற டாக்டரைப் பற்றியும் அவர்தான் சொன்னார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று கைவிட்டிருந்த காலத்தில், விளையாட்டையே வைத்தியமாக்கியவர். 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். பராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்ததாம்.

எனக்கு அதைவிடப் பெரியது வேறு. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனை வருடத்துக்குப் பிறகு! குடம் நிரம்பி வழிந்தும் நின்றேன்.

ஆனால் சாரல் அடித்தால் இஸ்தோப்பில் ஆட்டம் நின்றுவிடும். வாசகசாலைக்கு மூன்று படி. தூக்க நாலு பேர் இல்லாத நாளில் தலைவலி என்று படுத்துக்கொள்வாய். தலைவலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஒரு ஆளுக்காகவா இவ்வளவு?" என்று கேட்டவர்கள் யார் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களுடைய அம்மாவுக்கும் முழங்கால் வலிதான். அவரும் அந்தப் படியில் ஏற முடியாமல் வெளியே நிற்கிறார்.

மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்றார்கள், ஆக 18 அடி. இடம் போதாது, பாதியில் திரும்பி ஏறும். திரும்புகிற இடத்தில் உன் நாற்காலியை வைத்து அளக்க வேண்டும். ஞாயிறு காலை வெளியே வா. எனக்காக இல்லை, அளவுக்காக.

சிமெந்து போட்டபின் ஏழு நாள் தண்ணீர் ஊற்றி நனைப்பேன். அதற்குள் சக்கரத்தை ஏற்றிவிடாதே.

அக்கா