ஆய்வு முடிவுகள் வினாத்தாள் வந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று கடலூரிலும் புதுச்சேரியிலும் மாணவ மாணவியர் பதாகை ஏந்தி ஊர்வலம் போவதும், போதைக்கு எதிராக உறுதிமொழி ஏற்பதும் தங்கள் நாளிதழில் படத்துடன் வெளியாகின்றன. கடலோரக் கிராமங்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நானும் அந்த ஊர்வலங்களில் நடந்தவள்தான். ஊர்வலம் கலைந்த பிறகு குடிக்கிறவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ஆராய்ந்து, அறிந்ததை அந்த வீட்டுக்கே வந்து சொல்லும் கடமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு என்பதை வாசகர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகும், 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகும், மனநலம் பற்றி ஆய்வு செய்ய வெவ்வேறு ஊர்களிலிருந்து முதுநிலை மாணவர்கள் வினாத்தாள்களோடு வந்தார்கள். வீடு காட்டுவதும், தயங்கும் பெண்களைப் பேச வைப்பதும் எங்கள் வேலையாயிற்று. "கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் பதற்றமாக உணர்ந்தீர்கள்?" என்று மாணவர் கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று விடை வரும், தாளில் சுழியம் விழும். அதே பெண்ணிடம், "ராத்திரி காத்து வீசினா நெஞ்சு படபடக்குதா, தூக்கம் வருதா?" என்று நான் கேட்டால், "அதை ஏன் கேக்குறீங்க நர்சம்மா" என்று தொடங்கி அரை மணி நேரம் அழுதுகொண்டே பேசுவார். பதற்றம் என்ற சொல் அவர் வீட்டில் புழங்காத சொல். படபடப்பு அன்றாடம் இருப்பது. ஆண்களிடமும் இதுவே நடந்தது. உடம்பு அசதிக்குத்தான் குடிக்கிறோம் என்பார்கள். சற்று நேரம் உட்கார்ந்து பேசினால், அலையைப் பார்த்தால் வரும் பயத்துக்காகவும் குடிப்பதாகச் சொல்வார்கள். குடித்தால் அந்தப் பயம் அப்போதைக்கு அடங்கும். போதை இறங்கிய விடியற்காலையில் முன்பைவிடக் கூடுதலாக வரும், கையும் நடுங்கும், அதை அடக்க மறுபடியும் குடிப்பார்கள். மனப் பதற்றத்தையும் மதுவையும் தனித்தனியே ஆராய்வது எங்கள் கிராமங்களுக்குப் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படி எழுதிச் செல்லப்பட்ட தாள்களிலிருந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை ஒருவரும் திரும்பி வந்து எங்கள் ஊரில் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017 இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்கள், ஆய்வின் பயன் அதில் பங்கேற்றவர்களுக்கும் அவர்களுடைய சமூகத்துக்கும் சென்று சேர வேண்டும் என்பதை ஒரு கோட்பாடாகவே வைத்திருக்கின்றன. அது நடைமுறையில் இருந்திருந்தால் என் தம்பியின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கக் கூடும்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அன்றாடம் குடித்து வந்த அவன், ஒரு கார்த்திகை மாதத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றோடு குடியை நிறுத்தினான். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். மறுநாள் கை நடுங்கியது, இரவு வலிப்பு வந்தது, மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கையால் தட்டிக்கொண்டே இருந்தான். சாமி குற்றம் என்றார்கள் உறவினர்கள். நாங்கள் கொண்டுபோன மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும் அதையடுத்து மனக்குழப்பமும் வரலாம் என்பதையும், அது உயிருக்கே ஆபத்தானது என்பதையும், மூளையையும் நினைவையும் காக்க குளுக்கோஸுக்கு முன்பாகத் தயமின் எனும் பி1 உயிர்ச்சத்து ஊசி போட வேண்டும் என்பதையும் பின்னர் ஒரு மனநல மருத்துவர் எனக்கு விளக்கினார். பிரசவமும் தடுப்பூசியும் கற்ற எனக்கு இது கற்பிக்கப்படவில்லை. தம்பி பிழைத்தான், ஆனால் நினைவாற்றல் திரும்பவில்லை. விற்றுவிட்ட படகு எங்கே நிற்கிறது என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

தீங்கு குறைப்பு என்று அறிஞர்கள் சொல்வது இத்தகைய அறிவைத்தான். அது குடிக்க அனுமதி கொடுப்பதாகாது; ஒருவர் விடும் வரையிலும், விடும்போதும், அவர் உயிரையும் உறுப்புகளையும் காப்பதாகும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசி வழியாகப் போதை எடுப்போருக்குச் சுத்தமான ஊசியையும் போதை ஏக்கத்தைத் தணிக்க நாவின் அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையையும் பல ஆண்டுகளாக வழங்கி வருவதும் இதே நோக்கத்தில்தான். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் மெத்தனால் எனும் நச்சு கலந்த சாராயம் குடித்தவர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. பார்வை மங்கினால் படுத்துத் தூங்கிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், குடித்ததை மறைக்கக் கூடாது என்ற ஒரு வரி எத்தனை வீடுகளுக்குத் தெரியும் என்பதே ஆராயப்பட வேண்டிய பொருள்.

2015-16 இல் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மதுவால் கோளாறுக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார் என்று 2019 இல் வெளியான டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வு கூறுகிறது. மருத்துவர் எண்ணிக்கையை மட்டும் கூட்டி இந்த இடைவெளியை அடைக்க முடியாது. கோவாவில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி அளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த அளவு மீறிக் குடிக்கும் ஆண்கள் 377 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017 இல் வெளியானது. சில அமர்வுகளே நீண்ட அந்த ஆலோசனையைப் பெற்றவர்களில் குடியிலிருந்து மீண்டவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். கோவாவும் கடலோரம்தான், அங்கே முடிந்தது எங்கள் மீனவ ஊர்களான சிங்காரத்தோப்பிலும் தாழங்குடாவிலும் முடியுமா என்பதைப் பார்க்க வேண்டியது இங்குள்ளவர்கள்.

இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி; வேறு அரசு, வேறு மது விலை. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அங்கே சட்டப்படி நடக்கின்றன. கடலூர்க்காரர் அங்குள்ள பாகூர்ப் பக்கம் குடிக்கிறார், உடம்பு கெட்டால் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறார், ஆனால் கணக்குகள் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன. மேற்சொன்ன நிம்ஹான்ஸ் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு இருந்தது, புதுச்சேரி இல்லை. எல்லையின் இரு பக்கத்தையும் ஒரே வாழ்விடமாகக் கொள்ளும் ஆய்வை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகமும் ஜிப்மரும் சேர்ந்து மேற்கொண்டால், அதற்கு இணையாக வேறு எவராலும் செய்ய இயலாது என்று நம்புகிறேன்.

அப்படி ஓர் ஆய்வு தொடங்குமானால், வினாத்தாளை அச்சிடும் முன் எங்கள் ஊர்ப் பெண்களிடமும் செவிலியர்களிடமும் சொற்களைக் கேட்டுப் பெறுங்கள். குடிப்பவர் பெயர் காவல் நிலையத்துக்குப் போகாது என்ற உறுதியை எழுத்தில் கொடுங்கள். அது இல்லாமல் எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கப்படும் வாரத்திலேயே அதன் சாரம் எளிய தமிழில் ஒரு பக்க அளவில் மீன் ஏலக்கூடத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் படித்துக் காட்டப்பட வேண்டும். கட்டணமின்றி எந்நேரமும் பேசக்கூடிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 அதன் கீழே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

புதிய ஆய்வு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத செய்தியும் ஒன்று உண்டு. நாள்தோறும் குடித்தவர் மாலை போடுவதற்கோ கோயிலில் கயிறு கட்டுவதற்கோ முன்பாக மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்கெனவே அறிந்தது. வரும் கார்த்திகைக்கு முன்பாக அதைத் தங்கள் நாளிதழிலும் ஒருமுறை கட்டம் கட்டி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கடலூர் முதுநகர்.