சேகருக்கு ஒரு ஃபாரோ கடிதம்

28.11.2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் ஆடி மாதம் வந்தது. இப்போது கார்த்திகை. "அவன் இருக்கானா போயிட்டானா" என்று அம்பிகா அக்காவிடம் நீ விசாரித்ததாகத் தகவல் வந்தது. இருக்கிறேன். வீடு மாற்றினோம். ரேவதி நலம். பெரியவன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட அனுமதி இல்லை. எனக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மற்றபடி ஒன்றும் விசேஷமில்லை.

எழுத உட்கார வைத்தது குண்டு ரமேஷ். நேற்று போன் செய்து, பசங்க ஏழு கோல் வாங்கித் தோற்றதிலிருந்து நீ சாயங்காலப் பயிற்சியை நிறுத்திவிட்டதாகவும், பந்தையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டதாகவும் சொன்னான். நான் உடனே உனக்குப் போன் செய்யவில்லை. செய்திருந்தால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், கடைசியில் பிரேசில் பெருமையில் கொண்டுபோய் முடிப்பாய். கடிதத்தில் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால்தான் இது.

ஃபாரோ தீவுகளின் கால்பந்து அணி. பெயரைப் பார்த்ததுமே சிரிப்பாய் என்று தெரியும். "கம்பளித் தொப்பி போட்ட கோல்கீப்பர் இருந்தாரே, அந்த டீமா?" அதே டீம்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷமாக அந்தத் தொப்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், எனக்கு அலுத்துவிட்டது. இந்த அக்டோபரில் அவர்கள் செய்ததைச் சொல்கிறேன், கேள்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், 9ஆம் தேதி மான்டினீக்ரோவை 4-0 என்று அடித்தார்கள். மூன்று நாள் கழித்து, அதே மைதானத்தில், தலைநகர் டோர்ஸ்ஹாவ்னில், செக் குடியரசு. 1996 ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை போன நாடு அது. இடைவேளை வரை கோல் இல்லை. அறுபத்தேழாவது நிமிடம் ஹானுஸ் சோரென்சன் போட்டார். எழுபத்தெட்டில் செக் சமன் செய்தது. சரி, வழக்கம்போலக் கடைசியில் கோட்டை விடப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றே நிமிடம், மார்ட்டின் அக்னார்சன் மறுபடியும் போட்டுவிட்டார். 2-1. செக் பயிற்சியாளர் இவான் ஹாஷெக்குக்கு வேலை போனது. அந்த ராத்திரி நான் கத்திய கத்தலில் பெரியவன் எழுந்து வந்து, அவன் அம்மாவிடம் புகார் கொடுத்தான். அது தனிக் கதை.

இதில் உனக்குப் புரிய வேண்டியது கோல் கணக்கு அல்ல, ஆள் கணக்கு. பதினெட்டுத் தீவு, மொத்தம் சுமார் ஐம்பத்தைந்தாயிரம் பேர்தான். நம் நகராட்சியைவிடச் சின்னது. மனிதரைவிட அங்கே ஆடுகள் அதிகம். டென்மார்க் ராஜ்ஜியத்துக்குள் தன்னாட்சி பெற்ற நிலப்பகுதி, தனி நாடு கிடையாது. ஒலிம்பிக்கில் தனிக் கொடி பிடிக்க முடியாது, டென்மார்க் சட்டையைத்தான் போட வேண்டும். ஆனால் கால்பந்தில் 1988இல் உலகக் கூட்டமைப்பான ஃபீஃபா சேர்த்துக்கொண்டது, 1990இல் ஐரோப்பியக் கூட்டமைப்பான யூயேஃபா. அந்தச் சின்னக் கொடியோடு பெரிய நாடுகளுக்கு முன்னால் வரிசையில் நின்று பாட்டுப் பாட அவர்களுக்குக் கிடைத்த இடங்களில் பெரியது இதுதான். தோற்பதற்காகவாவது அதில் நின்றாக வேண்டாமா?

முதல் போட்டி ஆட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990 செப்டம்பர் 12, 1992 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று. எதிரே ஆஸ்திரியா, அப்போதுதான் இத்தாலியில் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்த அணி. ஃபாரோவின் சொந்த மண் ஆட்டம், ஆனால் நடந்தது ஸ்வீடனில், லான்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில். ஏன் தெரியுமா? சர்வதேச ஆட்டம் நடத்தும் தரத்தில் ஒரு புல் மைதானம்கூட அவர்களிடம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு இதற்குத்தான் வருவேன்.

ஆடியவர்கள் யாரும் முழுநேர ஆட்டக்காரர் இல்லை. யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன், உன் தொப்பிக்காரர், மீன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தொப்பிகூட வேடிக்கைக்கு இல்லை. சின்ன வயதில் தலையில் அடிபட்டதால் பாதுகாப்புக்குப் போட்டுக்கொண்டது, பழகிவிட்டது. கோல் போட்டது டோர்கில் நீல்சன், மரக்கடையில் விற்பனையாளர். இரண்டாம் பாதியில் பந்தை வாங்கி, தடுப்பாட்டக்காரர்களை வெட்டித் தாண்டிப் போய் அடித்தார். இன்னொன்று கேள், மனிதர் சதுரங்கத்திலும் ஃபாரோ சாம்பியன். பிறகு அரை மணி நேரம் முட்டி மோதி 1-0. ஆஸ்திரியப் பயிற்சியாளர் ஹிக்கர்ஸ்பெர்கர் பதவி விலகினார். உலகம் தொப்பியைப் படம் பிடித்தது. நீல்சனை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கோல் போட்டவனை விட்டுவிட்டுக் கோல்கீப்பரின் தலையைப் பார்ப்பது என்ன ரசனையோ.

எல்லாரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள், "அதிசயம்" என்று ஒரு முத்திரை குத்தி. அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். அதே தகுதிச்சுற்றில் பெல்கிரேடில் யுகோஸ்லாவியா ஏழு கோல் போட்டது. ஏழு, சேகர். உன் பசங்க வாங்கினார்களே, அதே எண்ணிக்கை. பெல்ஃபாஸ்டில் வடக்கு அயர்லாந்தோடு 1-1 சமன் செய்தார்கள். மற்றதெல்லாம் தோல்வி, கடைசி இடம். (அந்தப் பிரிவில் இரண்டாவதாக வந்த டென்மார்க்தான், யுகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் உள்ளே நுழைந்து 1992 கோப்பையையே தூக்கியது. இது உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அடுத்து 1994 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்று. பத்து ஆட்டம், பத்தும் தோல்வி. போட்டது ஒரு கோல், வாங்கியது 38. ஆஸ்திரியாவுக்குப் பிறகு ஒரு போட்டி ஆட்டத்தை மறுபடி வெல்ல 1995 வரை காத்திருந்தார்கள், அதுவும் சான் மரினோவை. ஏறக்குறைய ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, மழையில் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். யாரும் பந்தைப் பரணில் போடவில்லை.

அந்தக் காலத்தில் அவர்கள் செய்த பெரிய காரியம் ஆட்டத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. டோஃப்டிர் என்ற கிராமத்துக்கு மேலே குன்றைக் குடைந்து, பாறையை உடைத்துப் புல் மைதானம் போட்டார்கள். அது வந்த பிறகு, சொந்த மண் ஆட்டத்துக்கு வேறு நாட்டில் மைதானம் தேட வேண்டியதில்லை. பிறகு டோர்ஸ்ஹாவ்னில் ஒன்று. காற்றும் மழையும் புல்லை வாழவிடாது என்பதால் கிராமங்களில் செயற்கைப் புல். இன்றைக்கு அங்கே வீடுகள் கொஞ்சம் சேர்ந்து இருந்தாலே பக்கத்தில் ஒரு செயற்கைப் புல் மைதானம் இருக்கும், விளக்குகளோடு. குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில், விளக்கு இல்லாமல் எந்தப் பிள்ளை ஆடும்? இந்த அக்டோபரில் செக்கை வென்ற பையன்களில் பலர் 1990 ஆட்டத்தின்போது பிறக்கவே இல்லை. அவர்கள் அதிசயத்தால் வளரவில்லை, அந்த மைதானங்களில் வளர்ந்தார்கள். செய்தியில் "மீனவர்கள் வென்றார்கள்" என்று இன்னும் எழுதுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. யோன் சீமுன் எட்மண்ட்சன் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பூண்டஸ்லீகாவில் ஆடியவர். வெளிநாட்டு லீக் அணிகளில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் பலர். கிளாக்ஸ்விக் ஊரின் கிளப் 2023இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று அடித்தது. மீன் வெட்டுவதும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீன் வெட்டியதால் ஜெயித்தார்கள் என்று சொல்லாதே.

நடுவில் வந்த ஆட்டங்களைப் பார்த்தாலும் இது படிப்படியாக வந்தது தெரியும். 2002இல் ஸ்காட்லாந்தோடு டோஃப்டிரில் 2-2, இரண்டு கோலும் ஜான் பீட்டர்சன். 2003இல் ஜெர்மனி வந்தது, முந்தைய வருஷம் உலகக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற ஜெர்மனி. எண்பத்தொன்பதாவது நிமிடம் வரை 0-0. அப்புறம் குளோசே தலையால் முட்டி உள்ளே தள்ளினார், கூடுதல் நேரத்தில் இன்னொன்று. அந்த எண்பத்தொன்பது நிமிடத்தை எவனும் கணக்கில் சேர்ப்பதில்லை, பதிவேட்டில் 0-2 என்றுதான் இருக்கிறது. 2014இல் கிரீஸுக்கே போய் 1-0, எட்மண்ட்சன் கோல். கிரீஸ் பயிற்சியாளர் ரானியெரிக்கு வேலை போனது. (இந்தத் தீவுக்காரர்களிடம் தோற்று வேலையிழந்த பயிற்சியாளர்கள் தனிச் சங்கமே வைக்கலாம்.) 2015இல் அதே கிரீஸை ஊருக்கு வரவழைத்து 2-1. 2022இல் துருக்கி, அதே 2-1.

இந்த முறை உலகக் கோப்பைக் கனவு நவம்பர் நடுவரை உயிரோடு இருந்தது. குரோஷியாவில் வென்றாக வேண்டும், செக் சறுக்க வேண்டும். பதினாறாவது நிமிடத்தில் டூரி கோல் போட்டு ஃபாரோ முன்னிலை! நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. அப்புறம் குவார்டியோல், முசா, விளாசிச் என்று மூன்று வந்து விழுந்தன. 3-1. முடிந்தது. பன்னிரண்டு புள்ளிகளோடு மூன்றாம் இடம், மான்டினீக்ரோவுக்கு மேலே.

நீ இப்போது கேட்கப்போவது தெரியும்: "கரீபியன் தீவு குராசாவோ உலகக் கோப்பைக்குப் போய்விட்டதே, ஒன்றரை லட்சம் பேர்தான், உன் ஃபாரோ போகலையே?" போகட்டும், சந்தோஷம். ஆனால் அந்த அணியில் பெரும்பாலானோர் நெதர்லாந்தில் பிறந்து, அங்கேயே ஆடக் கற்றவர்கள். தப்பில்லை, அவர்கள் சரித்திரம் அப்படி. எனக்கு ஃபாரோக்காரர்கள்மேல் ஒரு துளி கூடுதலாக ஆசை, அவ்வளவுதான். பயிற்சியாளரைப் பார், ஐயுன் கிளாக்ஸ்டைன், உள்ளூர்க்காரர். எத்தனையோ காலம் டேனிஷ்காரர், ஸ்வீடன்காரர் என்று வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருவரிடம் கொடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் கிண்டலை நிறுத்துகிறேன்.

மாஸ்டர் போன பிறகு பந்தும் விசிலும் உன் தலையில் வந்து விழுந்தது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, சாப்பிடாமல் நீ மைதானத்துக்குப் போவதை உன் வீட்டம்மாவே ரேவதியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். களைப்பாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன் என்று சொல். ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். உடம்பு முக்கியம். ஆனால் ஏழு கோலைக் காரணம் காட்டாதே. அது காரணமே இல்லை. ரமேஷ் சொன்னதைப் பார்த்தால் உன் பசங்க ஆடியது ஹாஸ்டல் டீமோடு, அவர்களுக்குப் புல் இருக்கிறது, இரண்டு பயிற்சியாளர் இருக்கிறார்கள், நம் ஆட்கள் கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற இடத்தில் வெறுங்காலோடு பழகியவர்கள். அந்த ஆட்டத்தில் ஏழோடு நின்றதே கோல்கீப்பர் பையனின் திறமை என்பேன். அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனானாமே? பயிற்சி நின்றது தன்னால்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால்? அதை யோசித்தாயா?

மைதானத்தை ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் என் யோசனை. செயற்கைப் புல்லுக்கெல்லாம் நம்மிடம் வழியில்லை. கல் பொறுக்கி, செம்மண் அடித்து, ரோலர் விட்டால் போதும். லாரி மண்ணுக்கு ரமேஷிடம் பேசிவிட்டேன், அவன் மச்சான் ஓட்டுகிறான், டீசல் காசு மட்டும் கேட்கிறான். நான் பாதி, அமெரிக்காவில் இருக்கிற நம் பல்லி பாதி. பல்லி முதலில் முனகினான். அந்தப் பழைய சைக்கிள் விஷயத்தை நினைவுபடுத்தியதும் ஒத்துக்கொண்டான்.

பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம். பெரியவனுக்குத் தேர்வு என்பதால் இரண்டு நாள்தான் தங்க முடியும். அதற்குள் மண் கொட்டும் வேலை தொடங்கியிருக்க வேண்டும். நகராட்சியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும், போய்ப் பார். அம்மாவை விசாரித்ததாகச் சொல். முட்டிவலிக்கு நான் சொன்ன தைலம் கேட்டதா?

ஒன்று விட்டுப்போனது. இடது காலால் அடிக்கிற ஒரு பையன் இருக்கிறானாம், அன்றைக்குப் பந்தை அவன் கம்பத்தில் அடித்தானாம். ரமேஷுக்கு அவன் பெயர் தெரியவில்லை. எழுது.

உன்,
பாலு